நட்சத்திரப் புகையில் உப்பு: கார்பன் நட்சத்திரங்களைச் சுற்றி உலோகங்களுக்கு என்ன ஆகிறது?

"விண்வெளியில் சமையல் உப்பு", "நட்சத்திரத்தைச் சுற்றி சயனைடு" என்ற மாதிரிச் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. படிப்பவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் எழுகின்றன. உப்பு என்றதும் வெள்ளைப் படிகம் நினைவுக்கு வருவது ஒன்று. அங்கே இருப்பதோ, ஒரு சோடியம் அணுவும் ஒரு குளோரின் அணுவும் ஜோடி சேர்ந்து தனித்து மிதக்கும் வாயு. அந்த இடத்தில் உலோகம் கொட்டிக் கிடக்கிறது என்று எண்ணுவது இரண்டாவது குழப்பம். மூலக்கூறாக நம் கண்ணில் படுவது அங்குள்ள உலோகத்தில் மிகச் சிறிய பங்குதான். மீதி தூசிக்குள் உறைந்திருக்கிறது, அல்லது தனி அணுவாகவும் அயனியாகவும் திரிகிறது. எந்த மூலக்கூறு நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் தெரிகிறது என்று பார்த்தால், அந்த உலோகத்துக்கு வழியில் என்ன நேர்ந்தது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். இந்தத் துறையின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

உலோகம்: வானியலாளர்கள் ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டையும் தவிர மற்ற எல்லாவற்றையும் உலோகம் என்றே சொல்வார்கள். அந்தக் கணக்கில் கார்பனும் ஆக்சிஜனும்கூட உலோகம்தான். இந்தக் கட்டுரையில் அந்தப் பொருள் இல்லை. சோடியம், மெக்னீசியம், அலுமினியம், பொட்டாசியம், கால்சியம், இரும்பு என்று வேதியியலில் எதை உலோகம் என்கிறோமோ அதுதான்.

கார்பன் நட்சத்திரம்: நமது சூரியனைப் போல ஒன்று முதல் சில மடங்கு வரை நிறை கொண்ட நட்சத்திரங்கள் ஆயுளின் கடைசிக் கட்டத்தில் ஊதிப் பெருத்துச் செம்பூதம் ஆகின்றன. மையத்தைச் சுற்றி ஹீலியம் எரியும் அடுக்கில் கார்பன் உருவாகிறது. மேலும் கீழும் கொதித்துக் கலக்கும் ஓட்டம் அதை மேற்பரப்புக்கு அள்ளி வருகிறது. மேற்பரப்பில் ஆக்சிஜன் அணுக்களைவிடக் கார்பன் அணுக்கள் மிகுந்துவிட்டால் அது கார்பன் நட்சத்திரம்.

உறை: இந்த நட்சத்திரம் தன் வெளி அடுக்குகளை மெல்ல ஊதித் தள்ளுகிறது. அப்படி வெளியேறி எல்லாத் திசையிலும் விரியும் வாயுவும் தூசியும் சேர்ந்ததே உறை.

கார்பனா ஆக்சிஜனா, எது மிகுதி என்பது ஏன் அவ்வளவு முக்கியம்? கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடின் பிணைப்பு இரட்டை அணு மூலக்கூறுகளிலேயே மிக வலுவானது. அதை உடைக்க 11 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். எது குறைவோ அது முழுவதும் இந்த மூலக்கூறில் சிறைப்பட்டுவிடும். எது மிச்சமோ அதுவே மற்ற வேதியியலை நடத்தும். ஆக்சிஜன் மிஞ்சினால் டைட்டானியம் ஆக்சைடு, அலுமினியம் ஆக்சைடு என்று உலோகங்கள் ஆக்சிஜனோடு சேரும். கார்பன் மிஞ்சினால் ஆக்சிஜன் கைக்குக் கிடைக்காது. அசெட்டிலீன், ஹைட்ரஜன் சயனைடு, நீண்ட கார்பன் சங்கிலிகள் ஆகியவையே சூழ்ந்திருக்கும். உலோகம் அவற்றோடும், குளோரின், புளோரின் போன்றவற்றோடும்தான் உறவு கொண்டாட முடியும்.

ஆய்வுக்கூடமாக ஒரு நட்சத்திரம்

இது பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி ஒரே ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்தது: சிம்ம ராசியில் உள்ள ஐஆர்சி +10216. சிடபிள்யூ லியோனிஸ் என்பது இன்னொரு பெயர். மகம் நட்சத்திரத்துக்கு மேற்கே சுமார் 5 பாகை தள்ளி இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, சாதாரணத் தொலைநோக்கியிலும் தெரியாது. அதன் ஒளியை அதன் தூசியே விழுங்கிவிடுகிறது. அந்தத் தூசி சூடாகி அகச்சிவப்பில் ஒளிர்வதால்தான், 1960களில் நடந்த 2 மைக்ரான் வான் கணக்கெடுப்பில் அது சிக்கியது. 1969 இல் அறிவிக்கப்பட்டது. 5 மைக்ரான் அலைநீளத்தில், சூரியக் குடும்பத்துக்கு வெளியே வானத்தில் மிகப் பிரகாசமான பொருள்களில் அது ஒன்று.

தொலைவு ஏறக்குறைய 400 ஒளியாண்டு. ஓராண்டில் சூரிய நிறையில் சுமார் 50,000 இல் ஒரு பங்கை இழக்கிறது. வாயு வெளியேறும் வேகம் விநாடிக்கு 14.5 கிலோமீட்டர். இவ்வளவு அருகில், இவ்வளவு அடர்த்தியான உறையோடு வேறொரு கார்பன் நட்சத்திரம் நமக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் பட்டியலில் உள்ள உலோக மூலக்கூறுகளில் பல இங்கே மட்டுமே தென்பட்டிருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: "கார்பன் நட்சத்திரங்களில் இப்படி" என்று எழுதப்படுவதில் பாதி, "இந்த ஒரு நட்சத்திரத்தில் இப்படி" என்பதே.

கண்டுபிடிப்பது எப்படி?

வாயு மூலக்கூறு சுழல்கிறது. ஆனால் நினைத்த வேகத்தில் சுழல முடியாது. ஏணிப் படிகள் போல வரையறுத்த நிலைகள் உண்டு. மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ரேடியோ அலையை விடுகிறது. அளவீட்டில் அது ஒரு கோடாகத் தெரியும். படிகளின் இடைவெளியைத் தீர்மானிப்பது அணுக்களின் நிறையும் அவற்றுக்கு இடையே உள்ள தூரமும். அதனால் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தனிக் கைரேகை.

சோடியம் குளோரைடையே எடுத்துக்கொள்வோம். அதன் கோடுகள் ஏறக்குறைய 13.02 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கும்: 91.17, 104.19, 117.2 என்று. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அடையாளம் செல்லாது. அதோடு, குளோரினுக்கு 35, 37 என்று இரண்டு நிலையான ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்) உண்டு. கனமான குளோரின் சேர்ந்த உப்பு சற்றே மெதுவாகச் சுழலும், 91.17 இல் நிற்கும் கோட்டுக்கு இணையானது 89.22 இல் இருக்க வேண்டும், வலிமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். இருந்தால், அங்கே குளோரின் இருப்பதில் ஐயமில்லை. 1987 இல் வானியலாளர்கள் ஹோசே செர்னிச்சாரோவும் மிஷேல் கெலானும் ஸ்பெயினின் சியரா நெவாடா மலையில் உள்ள 30 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு சோடியம் குளோரைடு, அலுமினியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் அறிவித்தார்கள். அலுமினியம் புளோரைடை அப்போது ஐயத்தோடுதான் சொன்னார்கள். 1994 இல் அது உறுதியானது.

அடையாளம் தவறிப்போவதும் உண்டு. 1986 இல் இதே நட்சத்திரத்தில் இரட்டை இரட்டையாகச் சில கோடுகள் கிடைத்தன. ஜோடிகளின் இடைவெளி 11.93 கிகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் பிளவு சுமார் 15 மெகாஹெர்ட்ஸ். உறை இருபுறமும் விரிவதால் ஒரு கோட்டின் அகலம் விநாடிக்கு 29 கிலோமீட்டர் ஆகிறது. 95 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 9 மெகாஹெர்ட்ஸ். பிளவு அதைவிடப் பெரியது என்பதால் இரண்டு கோடுகளும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. ஜோடிக்கு ஜோடி அந்தப் பிளவு மாறவில்லை. இணை இல்லாத ஓர் எலெக்ட்ரான் கொண்ட நேர்க்கோட்டு மூலக்கூறு என்பதற்கு அது அடையாளம். ஆனால் எந்த மூலக்கூறு? இரண்டு கார்பனோடு சிலிக்கனோ கந்தகமோ சேர்ந்து, ஓரத்தில் ஒரு ஹைட்ரஜன் ஒட்டியதாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. நிறைக் கணக்கு ஒத்துப்போனது, அடையாளம் தவறு. 1993 இல் ஜப்பானில் கென்டாரோ கவகுச்சி குழுவினர் ஆய்வகத்தில் மெக்னீசியம் ஐசோசயனைடை (மெக்னீசியத்தோடு நைட்ரஜனும் அதற்கு அப்பால் கார்பனும் ஒட்டிய மூலக்கூறு) உருவாக்கி அளந்தபோதுதான் விடை கிடைத்தது. ஏழு ஆண்டுகள் கோடுகள் கையில் இருந்தன, பெயர் மட்டும் இல்லை.

தாமதத்துக்குக் காரணம் ஆய்வகப் பக்கம் இருக்கிறது. இந்த மூலக்கூறுகளைப் புட்டியில் வாங்க முடியாது. உலோகத்தைச் சூளையில் காய்ச்சியோ லேசரால் அடித்தோ ஆவியாக்கி, தாழ்ந்த அழுத்தத்தில் மின்பாய்ச்சலுக்கு நடுவே சயனைடு தரும் வாயுவோடு கலந்து, நொடிப்பொழுது உயிரோடிருக்கும் மூலக்கூறை அளக்க வேண்டும். அந்த அளவீடு இல்லாமல் வானத்துக் கோட்டுக்குப் பெயர் வைப்பது துணிச்சலான வேலை.

உள்பகுதி: வெப்பம் தீர்மானிக்கும் உப்புகள்

நட்சத்திரத்தை ஒட்டிய பகுதியில் வெப்பம் 2,000 கெல்வினுக்கு மேல், வாயுவும் அடர்த்தி. மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்வதால் உருவாவதும் உடைவதும் சமநிலைக்கு வந்துவிடுகின்றன. அங்கே வெல்வது வலுவான பிணைப்பு. அலுமினியம் புளோரைடுக்கு ஏறக்குறைய 7 எலெக்ட்ரான் வோல்ட், அலுமினியம் குளோரைடுக்கு 5க்குச் சற்று மேல், சோடியம் குளோரைடுக்கு 4க்குச் சற்று மேல். ஆகவே குளோரைடு, புளோரைடு போன்ற ஆலைடுகளில் அலுமினியம் முன்னால் நிற்பதில் வியப்பில்லை.

எண்ணிக்கையில் பார்ப்போம். உறையின் உள்பகுதியில் நூறு கோடி ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு அலுமினியம் குளோரைடு சுமார் 70, அலுமினியம் புளோரைடு சுமார் 10, சோடியம் குளோரைடு சுமார் 2, பொட்டாசியம் குளோரைடு ஒன்றுக்கும் குறைவு. சூரியனில் உள்ள விகிதமே அங்கும் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதே நூறு கோடிக்கு அலுமினியம் அணுக்கள் மட்டும் 5,000க்கு மேல் இருக்க வேண்டும். அதாவது, அலுமினியத்தில் நூற்றுக்கு ஒன்று அளவே குளோரைடாகத் தெரிகிறது. சோடியத்தில் உப்பாகத் தெரிவது பத்தாயிரத்துக்கு ஐந்தாறு. "சமையல் உப்பு" தலைப்பை இந்த அளவுகோலில் வைத்துப் படிக்க வேண்டும்.

இந்த உப்புகள் வெளியே நெடுந்தூரம் போவதில்லை. வாயு வெளியேறக் குளிர்கிறது. சுமார் 1,500 கெல்வின் அளவில் கார்பன் தூசி பிறக்கிறது. மேலும் குளிர்ந்தால் உப்பு மூலக்கூறுகள் தூசித்துகள்மீது படிந்துவிடுகின்றன. கோட்டின் வடிவமே இதைக் காட்டிக்கொடுக்கும். தூரத்து ஓடு போன்ற பகுதியிலிருந்து வரும் கோடு இரு ஓரத்திலும் கொம்பு முளைத்தது போல் உயர்ந்து, நடுவில் தாழ்ந்திருக்கும். நட்சத்திரத்தை ஒட்டிய வாயுவின் கோடு நடுவில் உயர்ந்து குறுகலாக இருக்கும், ஏனென்றால் அந்த வாயு இன்னும் முழு வேகம் எடுக்கவில்லை.

வெளிப்பகுதி: மெக்னீசியத்தின் ஆட்சி

மெக்னீசியம் ஐசோசயனைடு முற்றிலும் வேறு கதை. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையின் பிளாத்தோ து பியூரே தொலைநோக்கி வரிசையால் படமெடுத்தபோது, அது நட்சத்திரத்தருகே இல்லாமல் சுமார் 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600 இல் ஒரு பங்கு) ஆரத்தில் வளையமாகத் தெரிந்தது. அந்தத் தூரத்தை விநாடிக்கு 14.5 கிலோமீட்டரில் கடக்க ஏறக்குறைய 600 ஆண்டு ஆகும். நட்சத்திரத்தை விட்டுக் கிளம்பி ஆறு நூற்றாண்டு கழித்து ஒரு மூலக்கூறு புதிதாகப் பிறக்கிறது என்றால், அதைப் பிறப்பிப்பது நட்சத்திரத்தின் வெப்பமாக இருக்க முடியாது.

அங்கே வாயுவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சில பத்தாயிரம் மூலக்கூறுகள்தான். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்துக்குள் 2.5 கோடி கோடி லட்சம் இருக்கின்றன. இவ்வளவு வெறுமையில் வேதியியல் நடக்கும் விதம் இது:

1. உறையின் வெளிப்பகுதிக்குள் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்து புற ஊதாக் கதிர் நுழைகிறது. மெக்னீசியத்திலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்க 7.6 எலெக்ட்ரான் வோல்ட் போதும்; ஹைட்ரஜனையோ ஹைட்ரஜன் சயனைடையோ அயனியாக்க 13க்கு மேல் வேண்டும். எனவே மெக்னீசியம் எளிதில் நேர் அயனியாகிறது.

2. அந்த அயனி ஒரு நீண்ட கார்பன் சங்கிலியை ஈர்க்கிறது: ஓரத்தில் நைட்ரஜன் கொண்ட சயனோபாலியைன், அல்லது நைட்ரஜன் இல்லாத பாலியைன். சேரும்போது உபரி ஆற்றல் வெளிப்படும். ஆய்வகத்தில் மூன்றாவது மூலக்கூறு வந்து மோதி அதை வாங்கிக்கொள்ளும். இங்கே மூன்றாமவர் கிடையாது. உபரியை அகச்சிவப்பு ஒளியாக உமிழ்ந்தால்தான் ஜோடி பிழைக்கும்.

3. சிறிய மூலக்கூறுக்கு அதற்கு நேரம் போதாது, மீண்டும் பிரிந்துவிடும். நீண்ட சங்கிலிக்கு அதிர்வு வழிகள் ஏராளம். ஆற்றலைத் தனக்குள் பரப்பி வைத்துக்கொண்டு, ஒளியை உமிழும் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் சங்கிலி நீள நீள, சேர்க்கை எளிதாகிறது.

4. இப்படி உருவான பெரிய அயனி ஓர் எலெக்ட்ரானைப் பிடித்ததும் உடைகிறது. உடைந்த துண்டுகளில் ஒன்று மெக்னீசியம் ஐசோசயனைடு. உடையும் இடம் மாறினால் மெக்னீசியத்தோடு மூன்று, நான்கு, ஐந்து, ஆறு கார்பன் ஒட்டிய சங்கிலிகளும் வரும்.

இந்த வழிமுறையை 1990களிலேயே கோட்பாட்டாளர்கள் முன்வைத்தார்கள். சான்று மெதுவாகச் சேர்ந்தது. 2019 இல் மெக்னீசியம் கொண்ட, ஓரத்தில் நைட்ரஜன் உள்ள மூன்று கார்பன் சங்கிலியும் ஓரத்தில் ஹைட்ரஜன் உள்ள நான்கு கார்பன் சங்கிலியும், 2021 இல் ஐந்து கார்பன், ஆறு கார்பன் சங்கிலிகளும் கிடைத்தன. பின்னவை ஸ்பெயினின் யெபெஸ் 40 மீட்டர் தொலைநோக்கியின் 31 முதல் 50 கிகாஹெர்ட்ஸ் வரையிலான ஆழமான அளவீட்டில் வந்தவை. ஆய்வக அளவீடு இல்லாமல் குவாண்டம் கணக்கீட்டை நம்பியே பெயரிடப்பட்டன. 2023 இல் இதே சங்கிலிகளின் நேர் அயனிகளும் அங்கேயே கிடைத்தன. என் மதிப்பீட்டில் வழிமுறைக்கு மிக வலுவான ஆதரவு இதுதான். விளைபொருளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அயனி வேதியியலே நேரடியாகக் கண்ணில் பட்டது.

மெக்னீசியம் சயனைடும் 1995 முதல் தெரியும். ஆனால் ஐசோசயனைடில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். மெக்னீசியம் கார்பன் முனையைவிட நைட்ரஜன் முனையில் ஒட்டிக்கொள்வதையே விரும்புகிறது. அலுமினியமும் அப்படியே, 2002 இல் கிடைத்தது அலுமினியம் ஐசோசயனைடு. சோடியமும் பொட்டாசியமும் அமைக்கும் சயனைடுகள் நேர்க்கோட்டில் அமையாமல், கார்பன்–நைட்ரஜன் ஜோடியின் பக்கவாட்டில் உலோகம் அமர்ந்த வடிவம் கொண்டவை. 1994 இல் சோடியம் சயனைடும் 2010 இல் பொட்டாசியம் சயனைடும், 2011 இல் இரும்பு சயனைடும், 2019 இல் கால்சியம் ஐசோசயனைடும் சேர்ந்தன. சோடியம் சயனைடு மட்டும் இந்தக் குடும்பத்தில் இடம் மாறி நிற்கிறது. பெயர் சயனைடு என்றாலும் அது நட்சத்திரத்துக்கு நெருங்கிய உள்பகுதியில்தான் இருக்கிறது. பெயரை வைத்து முகவரியை ஊகிக்கக் கூடாது.

பட்டியலைப் படிக்கும்போது தவறும் இடங்கள்

1. மூலக்கூறு வகை அதிகம் என்றால் உலோகம் அதிகம் என்று பொருளல்ல. மெக்னீசியத்துக்கு ஒரு டஜனுக்கு மேல் மூலக்கூறுகள் தெரியும். எல்லாவற்றையும் கூட்டினாலும் அங்குள்ள மெக்னீசியத்தில் மிகச் சிறு பங்கே வரும். இரும்பும் மெக்னீசியமும் பிரபஞ்சத்தில் ஏறக்குறைய சம அளவு; இரும்புக்கோ ஓரிரு மங்கலான மூலக்கூறுகள்தான் கிடைத்திருக்கின்றன.

2. மூலக்கூறை மட்டும் எண்ணினால் கணக்கு உதைக்கும். 2010 இல் வானியலாளர்கள் மௌரோனும் ஹக்கின்ஸும் வேறு வழியில் போனார்கள். உறைக்குப் பின்னால் தற்செயலாக நிற்கும் ஒரு நட்சத்திரத்தின் ஒளியில், உறையில் உள்ள தனி அணுக்கள் போடும் கருங்கோடுகளை அளந்தார்கள். சோடியத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இன்னும் வாயுவில் இருக்கிறது. கால்சியத்தில் சுமார் 300 இல் ஒரு பங்குதான். கால்சியத்தின் மீதி தூசியில். வாயுவில் அணுவாக இருக்கும் உலோகம் மூலக்கூறாக இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம்.

3. கோட்டின் வலிமை நிலையானதல்ல. இந்த நட்சத்திரம் சுமார் 630 நாளுக்கு ஒரு முறை துடிக்கிறது. அகச்சிவப்பு ஒளி மூலக்கூறுகளை மேல் படிகளுக்கு ஏற்றுவதால், வேறு வேறு ஆண்டில் எடுத்த கோடுகளை அப்படியே ஒப்பிட்டு வெப்பநிலை கணக்கிட்டால் பிழை வரும்.

4. இந்த உலோகங்கள் பெரும்பாலும் அந்த நட்சத்திரத்தின் சொந்தத் தயாரிப்பல்ல. இரும்பும் கால்சியமும் அது பிறந்த மேகத்திலேயே இருந்தவை. அது தானாகச் செய்வது கார்பன், சில கனமான தனிமங்கள், கொஞ்சம் புளோரின், மேலும் சில ஐசோடோப்புகள்.

அலுமினியம்-26: ஒரு மூலக்கூறு கடிகாரம்

கடைசியாகச் சொன்ன ஐசோடோப்புகளில்தான் பலருடைய ஆர்வம். சாதாரண அலுமினியத்தின் நிறை எண் 27. கதிரியக்கம் கொண்ட அலுமினியம்-26 இன் அரையாயுள் சுமார் 7.2 லட்சம் ஆண்டு, சிதைந்தால் மெக்னீசியம்-26. நட்சத்திர வயதோடு ஒப்பிட்டால் இது கண்ணிமைக்கும் நேரம். எங்கே அலுமினியம்-26 தெரிகிறதோ அங்கே அது அண்மையில் செய்யப்பட்டது.

கைரேகை முறை இங்கும் பயன்படும். அலுமினியம்-26 சேர்ந்த அலுமினியம் புளோரைடு சற்று வேகமாகச் சுழலும். கோடு சற்று மேலே நகரும். 1995 இல் கெலான் குழுவினர் ஐஆர்சி +10216 இல் மெக்னீசியம்-25, 26 இரண்டின் ஐசோசயனைடுகளையும் கண்டார்கள். அலுமினியம்-26ஐ "இருக்கலாம்" என்ற அளவோடு நிறுத்தினார்கள். மங்கலான கோட்டின்மேல் வேறு மூலக்கூறின் கோடு வந்து விழும் வாய்ப்பு அந்த நெரிசலில் எப்போதும் உண்டு, அதனால் அந்தத் தயக்கம் சரியானது. ஐயத்துக்கு இடமில்லாத கண்டுபிடிப்பு 2018 இல் வந்தது, வேறொரு பொருளில்: 1670 இல் புது நட்சத்திரமாகத் தெரிந்து மறைந்த சிகே வல்பெக்குலே. இரண்டு நட்சத்திரங்கள் மோதிச் சேர்ந்ததன் எச்சமாக அது கருதப்படுகிறது. அங்கே ஆல்மா, நோமா தொலைநோக்கி வரிசைகளில் கதிரியக்க அலுமினியம் புளோரைடின் பல கோடுகள் கிடைத்தன. சூரியக் குடும்பத்துக்கு வெளியே கதிரியக்க அணு கொண்ட மூலக்கூறு உறுதியாகக் காணப்பட்டது அதுவே முதல் முறை.

வாயுவில் வராதவை

இனி மிஞ்சுவது, எந்த மூலக்கூறிலும் சிக்காத உலோகங்கள். மெக்னீசியத்தின் ஒரு பகுதி கந்தகத்தோடு சேர்ந்து மெக்னீசியம் சல்பைடாகத் தூசியில் இருக்கிறது என்பதற்குக் கார்பன் நட்சத்திரங்களின் 30 மைக்ரான் ஒளிர்வு சான்றாகக் காட்டப்படுகிறது. டைட்டானியம் அதைவிடப் பிடிவாதம். மிக உயர்ந்த வெப்பத்திலேயே கார்பனோடு சேர்ந்து டைட்டானியம் கார்பைடாகத் திடமாகிவிடும் என்று சமநிலைக் கணக்கு சொல்கிறது. மற்ற தூசி பிறப்பதற்கு முன்பே அது விதைத்துகள் ஆகிவிடும். வாயுவில் தேட மிச்சம் இருக்காது.

அந்தக் கணக்கைக் கையில் எடுத்துச் சரிபார்க்க முடிகிறது. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற ஊரில் விண்கல் விழுந்தது. அதை அமிலத்தில் கரைத்து எஞ்சியதில், சூரியன் பிறப்பதற்கு முன்பே நட்சத்திரங்களில் உறைந்த கிராஃபைட் உருண்டைகள் இருந்தன. அளவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கத் தக்கபடி மெல்லியதாகச் சீவிப் பார்த்தபோது, பல உருண்டைகளுக்குள் இன்னும் சிறிய படிகங்கள் புதைந்திருந்தன, சிலவற்றில் சரியாக நடு மையத்திலேயே. அந்தப் படிகங்கள் டைட்டானியம் கார்பைடு.